எவர்சில்வர் டம்ளரில் இருக்கிற குரோமியம் கிணற்றுக்குள் போனால் ஏன் விஷமாகிறது?

நாம் தினமும் தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில் குரோமியம் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, நல்ல தரமான எவர்சில்வர் என்றால் எடையில் சுமார் 18 சதவீதம் குரோமியம்தான், அது துருப்பிடிக்காமல் பளபளவென்று இருப்பதே அதனால்தான். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்து, 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியலில் அந்த ஊரை ஏற்றியதிலும் இதே குரோமியத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தனிமம் ஒன்றுதான், அது இருக்கிற வடிவம் வேறு. நிலத்தடி நீர் மாசு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் செய்திகளில் "ரசாயனம் கலந்த நீர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எந்த ரசாயனம், எந்த வடிவில், அது தண்ணீரில் கரையுமா, கரைந்து கீழே இறங்கும்போது மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா அல்லது விட்டுவிடுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

பள்ளியில் படித்ததை ஒரு பத்தியில் நினைவுபடுத்திக்கொள்ளலாம். தனிமங்கள் சேர்ந்தால் சேர்மம். சேர்ந்த பிறகு குணம் அடியோடு மாறிவிடும்: சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், குளோரின் முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட வாயு, இரண்டும் சேர்ந்தால் சாம்பாருக்குப் போடுகிற உப்பு. சேர்மங்களில் பல தண்ணீரில் கரையும்போது நேர் மின்னூட்டமோ எதிர் மின்னூட்டமோ கொண்ட துண்டுகளாகப் பிரியும், அவைதான் அயனிகள். சோடியம் நேர், குளோரைடு எதிர். இந்த நேர், எதிர் விஷயத்தைப் பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம், ஆனால் கிணற்றுக்கு எது வந்து சேரும், எது வராது என்று முடிவு செய்வதில் இதற்குப் பெரிய கை இருக்கிறது.

அப்புறம் நிலத்தடி நீர். பூமிக்கடியில் ஓர் ஆறு ஓடுவதாகவோ ஏரி தேங்கிக் கிடப்பதாகவோ நிறைய பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது, நிற்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, மெதுவாக நகர்கிறது. மணற்பாங்கான இடத்தில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை போகலாம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி கடினப் பாறை, அங்கே வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீரும் போகும், அதனால் பக்கத்து வீட்டு போர் (ஆழ்துளைக் கிணறு) கெட்டுப்போய் உங்கள் போர் நன்றாக இருப்பதும், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற போர் கெட்டுப்போவதும் சாதாரணமாக நடக்கும். கீழே வெயில் இல்லை, காற்று குறைவு. ஆற்றில் விழுந்த கழிவு சில நாட்களில் அடித்துக்கொண்டு போய்விடும். நிலத்தடியில் விழுந்தது வருடக்கணக்கில் அங்கேயே உலவும்.

சரி, ராணிப்பேட்டைக்கு வருவோம்.

அங்கே இருக்கிற சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வளாகத்தில் 1970-களின் நடுவில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை தொடங்கப்பட்டது. சுற்றிலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று டேனரிகள் நிறைந்த பகுதி. டேனரிகளுக்குத் தோலைப் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும், அதைப் பக்கத்திலேயே தயாரிக்கலாம் என்பது கணக்கு. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஆனால் குரோமியம் கலந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவியலாக அப்படியே விடப்பட்டு, பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. மழை பெய்தால் அந்த இடத்திலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் கசியும்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பூமியில் இருந்து வெட்டியெடுக்கிற குரோமியத் தாதுவின் பெயர் குரோமைட், கருப்பாக இருக்கும் கல். அதில் குரோமியம் இருப்பது குரோமியம்-3 என்ற வடிவில், அதாவது குரோமிய அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில். தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது, மழையில் ஆயிரம் வருடம் நனைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கரையாத கல்லை வைத்துக்கொண்டு ஆலை என்ன செய்ய முடியும்? அதனால் அதைச் சலவைச் சோடாவோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுக்கிறார்கள். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் இன்னும் மூன்று எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, குரோமியம்-3 குரோமியம்-6 ஆகிறது, சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பாகிறது. இது தண்ணீரில் நன்றாகக் கரையும். வறுத்ததைத் தண்ணீர் விட்டு அலசினால் மஞ்சள் கரைசல் தனியாக வந்துவிடும், மிச்சக் கசடு கழிவு. அந்தக் கரைசலில் அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிற டைகுரோமேட். டேனரிக்குத் தேவையான உப்பு வேண்டுமானால் அதையே வெல்லப்பாகு போன்ற ஏதாவது ஒன்றோடு வினைபுரியவைத்து மறுபடி பச்சை நிறக் குரோமியம்-3 ஆக்கிவிடுவார்கள்.

கவனியுங்கள், கல்லாக இருந்ததும் 3, டேனரிக்குப் போகிற உப்பும் 3. நடுவில் மட்டும் 6 ஆக்கினார்கள், தண்ணீரில் கரைய வேண்டும் என்பதற்காகவே ஆக்கினார்கள். அலசி முடித்த கசடில் அந்த 6 முழுதாகப் போய்விடாது, கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கசடைத்தான் வெளியே கொட்டினார்கள். ஆலைக்குள் தொட்டியில் தண்ணீர் விட்டு எடுத்த அதே வேலையை, வெளியே குவியலில் ஒவ்வொரு வருடமும் மழை செய்துகொண்டே இருந்தது. ஆலையைப் பூட்டிச் சீல் வைத்தாலும் மாசு நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான், உற்பத்திதான் நின்றது, அலசல் நிற்கவில்லை.

குரோமியம்-6 கீழே இறங்கும்போது மண் ஏன் பிடிக்கவில்லை? இங்கேதான் அந்த நேர், எதிர் விஷயம். களிமண் துகள்களின் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம்தான் இருக்கும், அதனால் நேர் அயனிகளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், எதிர் அயனிகளைத் தள்ளிவிடும். குரோமியம்-3 நேர் அயனி, அதுவும் மூன்று மடங்கு மின்னூட்டம் உள்ளது, மண்ணில் ஒட்டிக்கொள்ளும், அமிலத்தன்மை அதிகம் இல்லாத மண் என்றால் பச்சைப் பொடியாகப் படிந்தும் விடும். குரோமியம்-6 தனியாக இருப்பதில்லை, நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர் அயனியாகத்தான் தண்ணீரில் இருக்கும். களிமண் அதைச் சீந்தாது. இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண் கொஞ்சம் பிடிக்கும் என்றாலும், தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும், இந்தக் கழிவோ கடும் காரம். ஆக, தண்ணீர் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

உடம்புக்குள்ளும் இதே கதைதான். குரோமேட் அயனியின் உருவம் சல்ஃபேட் அயனியைப் போலவே இருக்கும். நம் செல்களுக்குச் சல்ஃபேட் வேண்டும் என்பதால் அதற்கென்று வாசல் வைத்திருக்கின்றன, அந்த வாசல் வழியாகக் குரோமேட்டும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் அது குரோமியம்-3 ஆக மாறுகிறது, மாறும் வழியில் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்திவிடுகிறது. குரோமியம்-3 வெளியிலிருந்து வந்தால் செல்லுக்குள் அவ்வளவு எளிதாக நுழையவே முடியாது. குரோமியம்-6 தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது, மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவதும் தோலில் ஆறாத புண் வருவதும் இந்தத் தொழிலில் பழைய செய்தி. குடிநீரோடு போனால் வயிற்று அமிலம் ஒரு பகுதியைக் குரோமியம்-3 ஆக்கிவிடும் என்பது கொஞ்சம் ஆறுதல், எல்லாவற்றையும் ஆக்கிவிடாது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சின்ன ஊரில் ஒரு எரிவாயு நிறுவனம் குளிர்விப்புக் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம்-6 சேர்த்த தண்ணீரைப் பயன்படுத்திவிட்டு, 1952 முதல் 1966 வரை தளம் போடாத குட்டைகளில் விட்டது. 1996-இல் 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் குரோமியம்-3 மட்டும் பயன்படுத்துகிற டேனரிகள் பாதுகாப்பா? அங்கேதான் சிக்கல். முன்பெல்லாம் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவார்கள், வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், தோல் வெளிர் நீலமாக வரும், தொழிலில் அதை வெட் ப்ளூ என்பார்கள். போடுகிற குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சாது, பழைய முறையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவுநீரில் போய்விடும். அது குரோமியம்-3 என்பதால் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு என்று ஒன்று உண்டு, அது தன் பக்கத்தில் வருகிற குரோமியம்-3-இல் கொஞ்சத்தைக் குரோமியம்-6 ஆக மாற்றக்கூடியது. மெதுவாக நடக்கும், சிறிய அளவில் நடக்கும், ஆனால் நடக்கும்.

உண்மையில் டேனரிப் பகுதிக் கிணறுகளை முதலில் கெடுத்தது குரோமியம் என்பதைவிடச் சாதாரண உப்பு என்பதுதான் சரி. ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள், டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அந்தத் தண்ணீர் பாலாற்றுக்கும் வயலுக்கும் போனது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் ஓர் ஆய்வு மேற்கோள் காட்டப்படுகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

நேர் ஒட்டும், எதிர் ஓடும். விதிவிலக்குகள் இருந்தாலும் இந்த ஒரு வரி தெரிந்தாலே நிறைய விஷயம் பிடிபடும். யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் போட்ட யூரியா முதலில் அம்மோனியமாக மாறும், அது நேர் அயனி, களிமண் பிடித்துக்கொள்ளும். பிரச்சினை அதோடு முடிந்திருக்கலாம், ஆனால் மண்ணில் இருக்கிற பாக்டீரியாக்கள் சில நாட்களில் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் எதிர் அயனி. போதாததற்கு, மண்ணில் சாதாரணமாக இருக்கிற எந்தத் தனிமத்தோடு சேர்ந்தாலும் அது நன்றாகக் கரையும் உப்பாகத்தான் இருக்கும், எங்கேயும் படியாது. பயிர் எடுத்தது போக மிச்சம், அடுத்த மழையிலோ பாசனத்திலோ நேராகக் கீழே.

எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 20.7 கிலோ. முழுதும் நைட்ரேட் ஆனால் சுமார் 92 கிலோ நைட்ரேட். குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். 92 கிலோவை 45 மில்லிகிராமால் வகுத்தால் 20 லட்சம் லிட்டர் வரும். ஒரே மூட்டை, 20 லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். சரி, பயிர் நிறைய எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் காற்றில் போகும், மூன்றில் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஏறக்குறைய ஏழு லட்சம் லிட்டர் வரும்.

யாழ்ப்பாணத்தில் இது நீண்டகாலப் பிரச்சினை. அங்கே வற்றாத ஆறு கிடையாது, குடாநாடே கிணறுகளை நம்பித்தான் இருக்கிறது. அடியில் சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும் அதிகம், மேலே போட்டது கீழே போக அதிக நேரம் எடுக்காது. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று பசளை நிறையக் கேட்கிற பயிர்கள். நெருக்கமான வளவுகளில் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில், குழியிலிருந்து வருகிற நைட்ரஜனும் கடைசியில் நைட்ரேட்தான். 1980-களிலிருந்தே ஆய்வுகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கிறவருக்குச் சுவையிலும் தெரியாது. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து, பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைத்துக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆகாது, மிஞ்சுகிற தண்ணீரில் செறிவு ஏறத்தான் செய்யும்.

இதுவரை சொன்னதெல்லாம் யாரோ கொட்டியதால் வந்தது. யாரும் எதையும் கொட்டாமலே நிலத்தடி நீர் கெடுவதும் உண்டு, அங்கேயும் சேர்மங்களின் குணம்தான் காரணம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளூரைடு பிரச்சினையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல் மஞ்சளாகி, பழுப்பாகி, முற்றினால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இந்தியாவில் இதை முதலில் அடையாளம் கண்டு எழுதியது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். ஃபுளூரைடு வருவது பாறையிலிருந்துதான், கிரானைட் வகைப் பாறைகளில் இருக்கும் சில தாதுக்கள் மெல்லக் கரைந்து தண்ணீரில் சேர்கின்றன. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளூரைடோடு சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும், ஏனென்றால் அந்தச் சேர்மம் மிகக் குறைவாகத்தான் கரையும். கால்சியம் குறைவாகவும் சோடியம் அதிகமாகவும் இருந்தால் படிய வழியில்லை, ஃபுளூரைடு ஏறிக்கொண்டே போகும். கால்சியம்தான் தண்ணீரைக் கடினமாக்குகிறது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிறது, சோப்பு நுரைக்காமல் செய்கிறது. ஆக, சோப்பு நன்றாக நுரைக்கிறது, குடிக்க மெத்தென்று இருக்கிறது என்று ஊரே புகழ்கிற ஆழமான போர் தண்ணீரில்தான் ஃபுளூரைடு அதிகமாக இருக்க வாய்ப்பு. கடைசியில் அந்த மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று, 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருந்தார்கள்.

வங்காளத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்று 1970-களில் யுனிசெஃப் உதவியோடு வங்கதேசம் முழுக்க அடிபம்புகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான், கிருமி குறைந்தது உண்மைதான். கீழே வண்டலில் இருந்த ஆர்சனிக்கை யாரும் சோதிக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்தது, அதுவரை நல்லது. அந்த வண்டலோடு புதைந்த இலைதழைகளைப் பாக்டீரியாக்கள் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோக, அடுத்ததாக இரும்பு ஆக்சைடில் இருக்கிற ஆக்சிஜனில் கைவைத்தன. இரும்பு கரைந்தது, பிடி விட்டது, ஆர்சனிக் தண்ணீருக்கு வந்தது. மேற்கு வங்கத்தில் 1983-இலேயே தோல் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டார்கள், வங்கதேசத்தில் 1993-இல் உறுதியானது. வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப்பெரிய நச்சுப் பாதிப்பு என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-இல் எழுதினார்கள். பிறகு பம்புகளைச் சோதித்துச் சிவப்பு, பச்சை பெயிண்ட் அடித்தார்கள், பச்சை என்றால் குடிக்கலாம்.

எண்ணெய் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை வேறு கணக்கு. பெட்ரோல், டீசல் போன்றவை அயனிகளாகப் பிரிவதில்லை, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், அவற்றில் இருக்கிற பென்சீன் போன்ற சில சேர்மங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். 2014-15 வாக்கில் யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது பெரிய பிரச்சினையாகி, இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. உலோகத்தில் எண்ணெய்ப்பசை போக்கப் பயன்படுகிற டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் இதற்கு நேர்மாறு, தண்ணீரைவிடக் கனம், நீர்மட்டத்தைத் தாண்டி அடிப்பாறை வரை இறங்கி வெடிப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், கண்டுபிடிப்பதே கஷ்டம்.

சுத்தம் செய்ய முடியுமா? வடிவத்தை மாற்ற முடிந்தால் முடியும். குரோமியம்-6 கலந்த நிலத்தடி நீரில் பெரஸ் சல்ஃபேட் போன்ற இரும்பு உப்பைச் செலுத்தினால் அது குரோமியம்-3 ஆகிப் படிந்துவிடும். குரோமியம் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, நகராமல் இருக்கிறது, அவ்வளவுதான். மேலே கழிவுக் குவியலை வைத்துக்கொண்டு கீழே இதைச் செய்வது வீண் செலவு என்பதையும் சொல்ல வேண்டும். நைட்ரேட்டை, ஆக்சிஜன் இல்லாத சூழலில் சில பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக்கிவிடும், ஏற்கெனவே காற்றில் இருப்பதுதான். டிரைகுளோரோஎத்திலீனைக்கூட உடைக்க வழிகள் இருக்கின்றன.

உப்புக்கு வழியே இல்லை. குளோரைடு எந்த நிலையிலும் குளோரைடுதான், மண்ணில் சாதாரணமாக இருக்கிற எதோடு வினைபுரிந்தும் படியாது, எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற, சாயத் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து இருபது கிராம் தொடங்கி எண்பது கிராம் வரைகூட உப்பு போடுவார்கள், துணியில் சாயம் ஏறும், உப்பு அப்படியே வெளியே வரும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற முறை வந்தது, ஆர்.ஓ (உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி) வைத்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, கடைசியில் உப்பாக எடுக்கிறார்கள். தண்ணீருக்கு நல்லது. ஆனால் அங்கே வேறு வேறு உப்புகள் கலந்த கசடு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது, அதை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. விஷம் என்று யாரும் பயப்படாத ஒரு சேர்மம்தான் நீக்குவதற்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, எனக்கு இந்தத் துறையில் இன்னும் எரிச்சலூட்டுகிற விஷயம் இது.

இனி உங்கள் வீட்டுத் தண்ணீர். ஆர்.ஓ விற்க வருகிறவர் டி.டி.எஸ் மீட்டரை முக்கிக் காட்டி 900 என்று பயமுறுத்துவார். அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை, அதிலிருந்து மொத்த உப்பின் அளவை ஊகிக்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தரத்தில் டி.டி.எஸ், அதாவது கரைந்திருக்கிற மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 20,000 லிட்டரில் ஒரு கிராம். அந்த வரம்பைப் போல இருபது மடங்கு இருந்தாலும் டி.டி.எஸ் மீட்டரில் முள் அசையாது. ஆர்சனிக்கும் அப்படித்தான், பெட்ரோல் கலந்திருந்தால் மீட்டருக்குச் சுத்தமாகத் தெரியாது. 250 காட்டுகிற தண்ணீர் ஆபத்தாகவும் 900 காட்டுகிற தண்ணீர் வெறும் உப்புக் கரிப்பாகவும் இருக்கலாம்.

ஆர்.ஓ நன்றாக வேலை செய்தால் குரோமேட், ஃபுளூரைடு, நைட்ரேட் எல்லாவற்றையும் பெரும்பாலும் பிரித்துவிடும் என்பது உண்மைதான். பிரித்ததை அழிப்பதில்லை, கழிவுக் குழாயில் அதிகச் செறிவோடு வெளியே விடுகிறது, அந்தக் குழாய் தோட்டத்துக்குப் போனால் மறுபடி உங்கள் போருக்குத்தான்.

அதனால் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுப்பதுதான் வழி. தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். "தண்ணீரைச் சோதிக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு என்று வழக்கமான பட்டியலைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள், எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்தில் டேனரியோ முலாம் பூசுகிற பட்டறையோ இருந்தால் மொத்தக் குரோமியம், முடிந்தால் குரோமியம்-6 தனியாக. தீவிர விவசாயமோ நெருக்கமான செப்டிக் டேங்குகளோ இருந்தால் நைட்ரேட். கடினப் பாறையில் ஆழமான போர் என்றால் ஃபுளூரைடு, ஆலை எதுவும் இல்லாவிட்டாலும் கேளுங்கள். பெட்ரோல் பங்க் பக்கம் என்றால் பென்சீன், இது எல்லா ஆய்வகத்திலும் பார்க்க மாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாதிரி எடுக்கும்போது மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காமல், மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு நேராக போரிலிருந்து வருகிற தண்ணீரைப் பிடியுங்கள், உலோகங்களுக்கான மாதிரி பாட்டிலில் அமிலம் விடுவார்கள் என்பதால் பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு தடவை நல்ல ரிசல்ட் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், மழைக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்து ஒன்று என்று இரண்டு தடவையாவது எடுத்துப் பாருங்கள், புது மழை சில சேர்மங்களை நீர்க்கவைத்துக் குறைக்கும், மண்ணின் மேலடுக்கில் காத்துக் கிடக்கிற நைட்ரேட் போன்றவற்றை அதே மழைதான் கீழே அடித்துக்கொண்டு வரும்.